512 சீட்டுகளும் இரண்டு இல்லாத கட்டுரைகளும்

செட் என்று ஒரு சீட்டு விளையாட்டு உண்டு. மொத்தம் 81 சீட்டுகள். ஒவ்வொன்றிலும் வடிவம், நிறம், எண்ணிக்கை, நிரப்பியிருக்கும் விதம் என நான்கு குணங்கள், ஒவ்வொரு குணத்திலும் மூன்று வகை. எந்தக் குணத்தைப் பார்த்தாலும் மூன்று சீட்டும் ஒரே மாதிரி இருக்க வேண்டும், அல்லது மூன்றும் வேறுவேறாக இருக்க வேண்டும். அது ஒரு செட். செட்டே அமையாமல் அதிகபட்சம் 20 சீட்டுகளைப் பரப்பலாம். நான்குக்குப் பதில் எட்டுக் குணங்கள் இருந்தால்? 6,561 சீட்டுகள் வரும். அங்கே 496 வரை பரப்பிக் காட்டியிருந்தார்கள். 2023 டிசம்பரில் நேச்சர் இதழில் டீப்மைண்ட் குழுவினர் அதை 512 ஆக்கினார்கள். முறையின் பெயர் ஃபன்சர்ச்.

மொழி மாதிரி கணிதத்தில் கண்டுபிடிப்பு செய்துவிட்டது என்று செய்திகளில் ஒரே கொண்டாட்டம். கட்டுரையின் தலைப்பு அதைவிட அடக்கமானது. மொழி மாதிரிகளைக் கொண்டு நிரல்களைத் தேடியதில் கிடைத்த கணிதக் கண்டுபிடிப்புகள் என்றுதான் அது சொல்கிறது. எந்தச் சீட்டை முதலில் எடுப்பது என்று முடிவு செய்யும் ஒரு சின்ன ஃபங்ஷனை மட்டும் மாதிரி மாற்றி மாற்றி எழுதும். இன்னொரு நிரல் அதை ஓட்டிப் பார்த்து மதிப்பெண் போடும். தேறாதது குப்பைக்கு. தேறியதை மறுபடி மாதிரியிடமே கொடுத்து, இதைவிட நன்றாக எழுது என்பார்கள். இப்படி லட்சக்கணக்கான தடவை. மாதிரி உளறினால் உளறட்டும், மதிப்பெண் போடுகிறவன் ஏமாற மாட்டான். டெஸ்ட் கேஸ் எழுதியே வயிறு வளர்க்கும் எனக்கு இது ரொம்பப் பிடித்திருந்தது.

ஆனால் எந்தக் கணக்கை எடுப்பது, எந்த ஃபங்ஷனை மட்டும் திறந்துவிடுவது என்பதெல்லாம் மனிதர்கள் முடிவு செய்தவை. கட்டுரையாசிரியர்களில் ஒருவரான ஜோர்டன் எலன்பெர்க் 2016இல் இதே கணக்கின் மேல்வரம்பில் பெரிய முன்னேற்றம் கண்டவர். அந்த அனுபவத்துக்குச் செய்தியில் ஒரு வரியாவது கொடுத்திருக்கலாம்.

சரிபார்க்கிறவன் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு கேலக்டிகா இருக்கிறது. 4.8 கோடி ஆய்வுக்கட்டுரைகள், பாடநூல்கள், விரிவுரைக் குறிப்புகளைக் கொண்டு மெட்டா பயிற்றுவித்த மாதிரி. 2022 நவம்பரில் பொதுப் பயன்பாட்டுக்கு விட்டு, மூன்றே நாளில் நிறுத்தினார்கள். விண்வெளியில் கரடிகளின் வரலாற்றைக் கேட்டாலும் கலைக்களஞ்சிய நடையில் எழுதித் தந்தது. நடை கச்சிதம், அதுதான் ஆபத்து.

சிரிக்கும் தகுதி எனக்கில்லை. என் மனைவி உயிரியல் ஆய்வு மாணவி. போன வருடம் உதவுகிறேன் பேர்வழி என்று, வேறொரு மாதிரியிடம் கேட்டு அவளுக்கு பதினொரு கட்டுரைகளின் பட்டியல் கொடுத்தேன். அதில் இரண்டு உலகத்திலேயே இல்லை. சனி, ஞாயிறு முழுக்கத் தேடிவிட்டு, "இதெல்லாம் எங்கேர்ந்து எடுத்தீங்க?" என்றாள். பெருமையாக ஃபன்சர்ச் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். பொறுமையாகக் கேட்டாள்.

"உங்க ஆளுக்கு ஒரு தடவை சரிபார்க்க எத்தனை நேரம் ஆகும்?"

"நொடிக்கணக்கு."

"எனக்கு செல் வளரவே மூணு வாரம். அதுவும் பூஞ்சை பிடிக்காம இருந்தா."

லட்சக்கணக்கான யோசனைகளை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள்? அந்தக் கேள்விக்கு நேச்சர் கட்டுரையில் பதில் இல்லை, இருக்கவேண்டிய அவசியமும் இல்லை. எளிதாகச் சரிபார்க்கக்கூடிய கணக்குகளுக்கே தங்கள் முறை என்று அவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். மொத்த அறிவியலுக்கும் அதை நீட்டியது மற்றவர்கள், நானும் சேர்த்து.

இப்போதும் அவள் மாதிரியைப் பயன்படுத்துகிறாள், வரைபடம் போடும் நிரல் எழுத மட்டும். முதலில் விடை தெரிந்த பழைய தரவைக் கொடுத்து ஓட்டிப் பார்க்கிறாள்.