ஓர் அழுத்தம், ஒரு படி

விசைப்பலகையின் இடது மேல் மூலையில் இருக்கும் எஸ்கேப் விசை, ஒரு நிறுவனத்தின் குறியீட்டு வேலையிலிருந்து வந்தது. ஐபிஎம்மில் இருந்த பொப் பீமர் 1960இல் அதை முன்மொழிந்தபோது, ஒரு குறியீட்டுத் தொகுதியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் அடையாளமாகவே அது கருதப்பட்டது. பின்னாளில் விண்டோஸின் உரையாடல் பெட்டிகளில் இரத்துப் பொத்தானோடு அது இணைந்தது. தொடங்கியதை விட்டுவிட வேண்டுமென்றால் கை தானாக அந்த மூலைக்குப் போகும் பழக்கமும் வந்தது. எதை விடுவது, எவ்வளவு தூரம் விடுவது என்பதைத் தீர்மானிக்க வேண்டியவர் கணினிப் படிவத்தை ஆக்கும் நிரலாளர். அவருடைய கைத்தேர்ச்சியை அறிய இந்த ஒரு விசையை அழுத்திப் பார்த்தாலே போதும்.

யாழ்ப்பாண மாவட்டத்தில் 15 பிரதேச செயலகப் பிரிவுகளும் 435 கிராம அலுவலர் பிரிவுகளும் உண்டு. கையால் நிரப்பிய குடும்ப விபரங்களைக் கணினியில் ஏற்றும் ஒருவர், பெயர், முகவரி, அடையாள அட்டை இலக்கம் எல்லாம் அடித்துவிட்டுக் கிராம அலுவலர் பிரிவுப் பட்டியலை விரிக்கிறார் என்று கொள்ளலாம். உடுவிலில் தேடவேண்டியதைச் சங்கானையில் தேடிக்கொண்டிருப்பது புரிந்ததும் எஸ்கேப்பை அழுத்துகிறார். நல்ல படிவத்தில் பட்டியல் மட்டும் மூடும். முன்பிருந்த தெரிவு அப்படியே நிற்கும். இன்னொரு முறை அழுத்தினால் அந்தக் கட்டத்தில் செய்த திருத்தம் பழைய நிலைக்குத் திரும்பும். படிவத்தை மூடும் பேச்சு அதற்குப் பிறகுதான். மைக்ரோசொப்ட் அக்சஸில் இந்த ஒழுங்கு அழகாக அமைந்திருக்கிறது: முதல் அழுத்தம் நடப்புக் கட்டத்தை மீட்கும், அடுத்தது முழுப் பதிவையும் மீட்கும். பழகியவர் திரையைப் பார்க்காமலே எத்தனை படி பின்வாங்கினோம் என்று அறிவார்.

இந்த ஒழுங்கு கெடுவது பெரும்பாலும் அவசரத்தால். டொட்நெட் படிவங்களில் கீபிரிவியூ என்ற பண்பை இயக்கிவிட்டால், விசை எதுவானாலும் உள்ளிருக்கும் கட்டத்துக்கு முன்பே படிவத்தின் கைக்கு வந்துவிடும். அங்கே ‘எஸ்கேப் என்றால் மூடு’ என்று ஒரு வரி எழுதுவது மிகச் சுலபம். விரிந்திருந்த பட்டியலோடு சேர்த்து முழுப் படிவமும் மூடிவிடும். தமிழில் அடிப்பவருக்கு இன்னொரு அடுக்கும் உண்டு. விண்டோஸ் 10இல் 2019ஆம் ஆண்டு சேர்ந்த ஒலிபெயர்ப்புத் தட்டச்சு, அடிக்க அடிக்கச் சொற்களைத் தெரிவுக்கு வைக்கும். அந்தச் சிறு பட்டியலை விலக்கவும் எஸ்கேப்பே உதவும். ஆகவே முதல் உரிமை தட்டச்சு முறைக்கு, அடுத்தது விரிந்த பட்டியலுக்கு, பிறகு கட்டத்துக்கு, கடைசியாகத்தான் படிவத்துக்கு. பழைய பாமினி எழுத்துருவில் அடித்தே சோதித்த நிரலாளருக்கு முதல் அடுக்கு கண்ணில் படாமலே போகலாம். பாமினியில் அழுத்திய விசை அப்படியே எழுத்தாக விழுகிறது.

சேமிக்காத மாற்றம் இருக்கிறதா என்று படிவம் அறிவதிலும் நுணுக்கம் உண்டு. விசை ஒன்றைத் தொட்டதுமே ‘மாறியது’ என்று கொடி ஏற்றும் படிவம், ஓர் எழுத்தை அடித்து அழித்தவரையும் வீணாக விசாரிக்கும். திறந்தபோது இருந்த மதிப்பையும் இப்போதுள்ள மதிப்பையும் ஒப்பிடுவதே முறை. தமிழில் அந்த ஒப்பீட்டுக்கும் கவனம் தேவை. கொக்குவில், கோப்பாய், கொடிகாமம் போன்ற பெயர்களின் முதலெழுத்தை யுனிகோட்டில் இரு விதமாகச் சேமிக்கலாம். ககரத்தின் பின் ஒகர அல்லது ஓகாரக் குறியை ஒரே குறியீடாக வைப்பது ஒன்று. கொம்பையும் காலையும் தனித்தனியே வைப்பது மற்றது. பாமினியில் கொம்பு, ககரம், கால் என்று மூன்றாக அடித்த பழைய தரவைக் கவனமின்றி மாற்றினால் இரண்டாவது வகை வந்து சேரும். கண்ணுக்குக் கொக்குவில் கொக்குவில்தான். நேரடி ஒப்பீட்டுக்கோ இரண்டும் வேறு. யுனிகோட் இவற்றைச் சமமென்றே வகுத்திருப்பதால், இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்த பிறகே ஒப்பிட வேண்டும். இதைச் செய்த படிவம் எதையும் மாற்றாதவரிடம் கேள்வி கேட்காமல் மூடிக்கொள்ளும். பார்வைக்குப் புலப்படாத இந்த வேலை பாராட்டுக்குரியது.

மாற்றம் உண்மையில் இருந்தால் கேட்கத்தான் வேண்டும். ‘நிச்சயமாகவா?’ என்ற கேள்விக்கு ஆம், இல்லை என்று இரண்டு பொத்தான்களை வைத்தால் எது சேமிக்கும், எது அழிக்கும் என்று தெரியாது. ‘மாற்றங்களைச் சேமி’, ‘மாற்றங்களைக் கைவிடு’, ‘படிவத்துக்குத் திரும்பு’ என மூன்றும் செயலையே சொன்னால் படித்த மாத்திரத்தில் விளங்கும். அந்தப் பெட்டிக்குள் எஸ்கேப் அழுத்தினால் படிவத்துக்குத் திரும்புவதே சரி. பதற்றத்தில் விசையைத் தொடர்ந்து தட்டுபவர் பெட்டியைத் திறந்து மூடிக்கொண்டிருப்பார். அடித்தது எதுவும் போகாது. அங்கே எஸ்கேப்பைக் கைவிடுதலோடு இணைத்தால் இரண்டே தட்டில் ஒரு மணி நேர உழைப்பு போய்விடும். விண்டோஸின் ஆம், இல்லை மட்டும் உள்ள செய்திப் பெட்டியில் எஸ்கேப் வேலை செய்யாது. இரத்துப் பொத்தானும் இருந்தால்தான் செய்யும். அதை வகுத்தவர்கள் இந்த ஆபத்தை உணர்ந்திருக்க வேண்டும்.

போர்க்காலத்தில் நீண்ட காலம் தேசிய மின்கட்டமைப்பின் தொடர்பின்றி இருந்த குடாநாட்டில், படிவத்தை மூடுவது எப்போதும் மனிதக் கை அல்ல. 2022 மார்ச் இறுதியில் நாடெங்கும் நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு நடந்தது. மின்சாரம் போகும் கணத்தில் கேள்விப் பெட்டிக்கு இடமில்லை. ஆப்பிள் 2011இல் மேக் இயங்குதளத்தின் லயன் பதிப்பில் தானியங்கிச் சேமிப்பைக் கொண்டுவந்தது. படிவத்துக்கும் அதே வழி பொருந்தும். கட்டம் ஒன்றைவிட்டு அடுத்ததற்குப் போகும்போதெல்லாம் வரைவொன்றை வட்டில் எழுதிவைக்கலாம், உண்மையான பதிவைத் தொடாமல். யூபிஎஸ் தீரும் தறுவாயில் விண்டோஸ் தானே அணையத் தொடங்கினால் படிவம் எதையும் கேட்காமல் வரைவோடு மூட வேண்டும். கேட்டுக்கொண்டு நின்றால் பதில் சொல்ல ஆளிராது. மறுபடி திறக்கும்போது வரைவின் நேரத்தைக் காட்டி, தொடரவா நீக்கவா என்று கேட்பது போதும். ஒரே கணினியைப் பலர் பாவிக்கும் அலுவலகங்களில் அந்த வரைவை எழுதியவரின் கணக்குக்குள் மட்டும் வைத்து, பதிவு சேமிக்கப்பட்டதும் உடனே அழித்துவிட வேண்டும். உள்ளே இன்னொரு குடும்பத்தின் அடையாள அட்டை இலக்கம் கிடக்கிறது.