சுவர்ப்பூச்சில் மெய்யும் போலியும்

'போலி' என்னும் சொல் இக்காலத்தில் வசைச்சொல்லாகிவிட்டது. போலி மருந்து, போலிக் கையொப்பம், போலிப் பத்திரம் என வஞ்சகத்தைச் சுட்டவே அதனை வழங்குகின்றோம். இலக்கணம் கற்பிக்கும் நமக்கோ அச்சொல் வேறொரு பொருளிலும் பழக்கமானது. ஓர் எழுத்து நிற்கும் இடத்தில் மற்றோர் எழுத்து வந்து நின்றும் பொருள் மாறாதிருப்பின் அதனைப் போலி என்கின்றோம். நிலம் 'நிலன்' என வரினும், முகம் 'முகன்' என வரினும் கேட்போர் எவரும் ஏமாறுவதில்லை.

இவ்விரு பொருளையும் மனத்திற் கொண்டு, நம் இல்லங்களிலும் பள்ளிகளிலும் கோயில்களிலும் பெருகிவரும் ஒரு வேலையை மதிப்பிட விழைகின்றேன். செங்கற்சுவரைப் பளிங்கு போலவும் மரம் போலவும் கருங்கல் போலவும் தோன்றச் செய்யும் சாயவேலையே அது. அடிப்பூச்சின்மேல் நீர்த்த சாயத்தைத் தடவி, அது உலருமுன் கடற்பஞ்சால் ஒற்றினால் கல்லின் புள்ளிகள் தோன்றும். சீப்பால் இழுத்தால் மரத்தின் வரிகள் எழும். இறகின் நுனியால் கோடிட்டால் பளிங்கின் நரம்புகள் ஓடும். இதனை 'ஏமாற்று வேலை' என்று சிலர் தள்ளுவர். 'மேனாட்டுப் பகட்டு' என்று வேறு சிலர் இகழ்வர். இரு கூற்றும் ஆராயத்தக்கன.

மேனாட்டில் இது பழமையானது என்பது உண்மையே. இத்தாலியின் பாம்பெயி நகரில், சுதையால் பளிங்குப் பாளங்கள் போலச் செய்து வண்ணந்தீட்டிய வீட்டுச் சுவர்கள் கி.மு. 2ஆம் நூற்றாண்டிலேயே இருந்தன. கி.பி. 79இல் வெசூவிய எரிமலையின் சாம்பல் அவற்றை மூடிக் காத்தது. ஆயினும் இவ்வேட்கை அவர்க்கே உரியதெனக் கொள்வார், பத்துப்பாட்டுள் ஒன்றாகிய நெடுநல்வாடையை மீண்டும் ஒருமுறை எடுத்துப் பார்த்தல் வேண்டும்.

அரசியின் பள்ளியறையை வருணிக்கும் நக்கீரர், அங்குப் பூசிய சுண்ணச்சாந்து வெள்ளியை ஒத்தது என்கின்றார். தூண் நீலமணியை ஒத்தது என்கின்றார். நெடுஞ்சுவர் செம்பினால் செய்தாற்போன்றது என்கின்றார். அச்சுவரில் பல பூக்களையுடைய கொடியொன்று தீட்டப்பட்டிருந்தது. செம்பு என்னும் உவமை சுவரின் உறுதியைக் குறித்ததா, நிறத்தைக் குறித்ததா என்று வினவலாம். இரண்டையும் கொள்ளுதல் பொருந்தும் என்பது என் கருத்து. எங்ஙனமாயினும், சாந்தை வெள்ளி என்று புலவர் கூறினாரல்லர். வெள்ளி போன்றது என்றே கூறினார். உவம உருபு அங்கே நேர்மைக்குச் சான்றாக நிற்கின்றது.

அவ்வறையிலேயே இன்னொரு காட்சியும் உண்டு. கட்டிலின் மேற்கட்டியில் திங்களும் அதனைப் பிரியாத உரோகிணியும் எழுதப்பட்டுள்ளன. போருக்குச் சென்ற கணவனைப் பிரிந்த அரசி, அவ்வோவியத்தை நோக்கி நெடுமூச்செறிந்து கண்ணீர் சிந்துகின்றாள். திங்கள் எழுதிய திங்கள்தான்; கண்ணீரோ மெய்க்கண்ணீர். போலி என்பதனாலேயே ஒரு கலை இழிந்துவிடாது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

ஆயின் எல்லாப் போலியும் ஒரு தரத்தனவா? ஈண்டுத் தொல்காப்பியர் நமக்கு ஓர் அளவுகோல் தருகின்றார். உவமை வினை, பயன், மெய், உரு என்னும் நான்கன் வழியாகப் பிறக்கும் என்பது அவர் வகுத்த நெறி. ஒரு பொருள் மற்றொன்றைச் செயலால் ஒக்கலாம், பயனால் ஒக்கலாம், வடிவால் ஒக்கலாம், நிறத்தால் ஒக்கலாம். சுவர்ப்பூச்சையும் இந்நான்கால் அளந்து பார்ப்போம்.

தமிழகத்துச் சுண்ணப்பூச்சை முதலில் எடுத்துக்கொள்வோம். கிளிஞ்சலைச் சுட்டு நீற்றிய சுண்ணத்தோடு பனைவெல்லமும் கடுக்காயும் ஊறிய நீரைச் சேர்த்துக் குழைப்பர்; மேற்பூச்சுக்கு முட்டையின் வெண்கரு, நெய், தயிர் முதலியவற்றைக் கூட்டுவர்; வழவழப்பான கல்லால் தேய்த்து மெருகேற்றுவர். மதுரையில் 1636இல் எழுந்த திருமலை நாயக்கர் மகாலின் பெருந்தூண்கள் செங்கல்லும் இத்தகைய சாந்துமே. சென்னையில் வழங்கிய சாந்தின் செய்முறையைச் செயின்ட் ஹெலினாத் தீவின் ஆளுநர் ஐசக் பைக் எழுதியனுப்ப, இலண்டன் அரச கழகம் 1732இல் அதனைத் தன் வெளியீட்டில் அச்சிட்டது.

வறுமையால் பளிங்குக்கு மாற்றாக இதனைக் கொண்டனர் என்று எண்ணுதல் பிழை. மலாயாவிலும் பர்மாவிலும் இலங்கையிலும் ஈட்டிய பொருளால் செட்டிநாட்டில் மாளிகை எழுப்பிய நகரத்தார், இத்தாலியப் பளிங்கையும் பர்மாத் தேக்கையும் கப்பலில் வருவித்தவர்கள். அவர்களும் சுவருக்கு முட்டை கலந்த சுண்ணப்பூச்சையே விரும்பினர். அது தொட்டால் குளிரும். சுவரின் ஈரத்தை வெளியே விடும். தலைமுறைகள் கடந்தும் மின்னும். உருவால் மட்டுமன்றிப் பயனாலும் அது பளிங்கை ஒத்தது.

இன்னும் ஒன்று உண்டு. சுண்ணக்கல்லைச் சுடும்போது அதிலிருந்து கரியமிலவாயு நீங்குகின்றது. நீற்றிய சுண்ணத்தைச் சுவரில் பூசினால், அது காற்றிலுள்ள அதே வாயுவைச் சிறிது சிறிதாக ஏற்று மீண்டும் கல்லாகின்றது. பளிங்கும் அதே சுண்ணப்பொருள் நிலத்தடி வெப்பத்தால் படிகமானதே. ஆகவே மெருகேற்றிய சுண்ணச்சுவர் பளிங்கைப் போன்றது மாத்திரமன்று. அதன் உறவினமும் ஆகும். 'நிலம்' 'நிலன்' ஆன கதையே இது.

இனி இக்காலத்துப் பூச்சுக்கு வருவோம். கைத்திறனுள்ள சாயக்காரர் சிமெண்டுச் சுவரில் இறகால் தீட்டும் பளிங்கை நான் குறைகூறேன். பயனால் ஒவ்வாதெனினும், அதில் ஒருவர் கல்லை நோக்கிக் கற்ற கல்வி இருக்கின்றது; ஒரு நரம்பு போல மற்றொரு நரம்பு அமையாது. கடையில் சுருளாக விற்கும் பளிங்குப்பட ஒட்டுத்தாளோ அத்தகையதன்று. சில அடிக்கொருமுறை அதே நரம்பு, அதே வளைவில், அதே கறையோடு திரும்ப வருகின்றது. மனப்பாடம் செய்த கட்டுரையை வகுப்பு முழுவதும் ஒப்புவித்தது போன்ற சலிப்பே எஞ்சுகின்றது.

இதனினும் பெரிய தீங்கு பழஞ்சுவர்களுக்கு நேர்கின்றது. எம் தோட்டப் பள்ளியில் சுண்ணச்சாந்து பூசிய பழைய வகுப்பறை ஒன்று உண்டு. ஆண்டுதோறும் வெள்ளையடித்து வந்தோம். விழா ஒன்றினை முன்னிட்டு, அதன்மேல் பளபளக்கும் பிளாஸ்டிக் சாயம் பூசிச் செங்கல் வரிசை போலக் கோடிட நானே இசைந்தேன். வந்தவர் அனைவரும் பாராட்டினர். இரண்டு மழைக்காலம் கழிந்தது. நிலத்திலிருந்து ஏறிய ஈரம் வெளியேற வழியின்றிச் சாயத்தைக் கொப்புளமாக எழுப்பிற்று. விரலால் அழுத்தினால் உள்ளேயிருந்த சாந்து மாவாக உதிர்ந்தது. செங்கல்லைப் போலக் காட்ட முயன்று, உள்ளிருந்த மெய்ச்செங்கல்லுக்கே ஊறு செய்தோம். சாயத்தின் குற்றமன்று அது; சுவரின் இயல்பை அறியாத என் குற்றமே.

பேராக் முழுவதும் பழைய தோட்டக் கோயில்களிலும் மண்டபங்களிலும் இத்தகைய சுவர்கள் இன்னும் நிற்கின்றன. திருப்பணிக் குழுவினர் சாயத்தின் நிறத்தைத் தேர்ந்தெடுக்குமுன், சுவர் சுண்ணமா சிமெண்டா என்று கேட்டறிதல் வேண்டும். சுண்ணமாயின் சுண்ணத்தையே பூசுக. காவி முதலிய மண்வண்ணங்களை அதனோடு கலந்தாலே கண்ணுக்கினிய நிறங்கள் கிடைக்கும்.

ஈப்போவைச் சூழ்ந்து நிற்பவை சுண்ணக்கல் மலைகள். கிந்தாப் பள்ளத்தாக்கில் பளிங்கு வெட்டும் சுரங்கங்களும் உள்ளன. பளிங்கு வரையக் கற்போர்க்கு வெளிநாட்டுப் படப்புத்தகம் எதற்கு? சன்னலைத் திறந்து மலையைப் பார்த்தல் போதும். மாணவருக்கு உவமை கற்பிக்கும் நாளில் நாமும் அவர்களைச் சுவரருகே அழைத்துச் சென்று, 'இது எதனைப் போன்றது? எதனால் போன்றது?' என்று கேட்கலாம். முதல் வினாவுக்குக் கண் விடை கூறும்; இரண்டாம் வினாவுக்குக் கையால் தொட்டுப் பார்த்தே விடை கூற இயலும்.