தாள் ஓரிடம், கரண்டி ஓரிடம்

கானாடுகாத்தானில் ஓர் அறுபதாம் கல்யாணப் பந்தி. பக்கத்து இலையில் சென்னையிலிருந்து வந்த உறவினர், சர்க்கரை உள்ளவர். சோற்றை ஒரு கைப்பிடியோடு நிறுத்திவிட்டார், அப்பளத்தைத் தொடவில்லை. கவுனி அரிசி வந்ததும் இரண்டு தடவை கேட்டு வாங்கினார். டயட்டீஷியன் கொடுத்த தாளில் ‘கறுப்பரிசி நல்லது’ என்று இருக்கிறதாம். நாற்பதைத் தாண்டிய எவரும் வருடத்துக்கு ஒரு முறையாவது டயட்டீஷியனைப் பார்த்தே ஆகவேண்டும் என்று இலையை மூடும்வரை வாதாடினார். மறுத்துப் பேச அது இடமில்லை.

பார்க்கவே கூடாது என்பதல்ல என் கட்சி. சிறுநீரகம் பழுதானவர், கர்ப்ப காலத்தில் சர்க்கரை வந்தவர், இன்சுலின் போட்டுக்கொள்ளும் குழந்தை: இவர்களுக்கெல்லாம் பக்கத்து வீட்டு யோசனையும் யூடியூபும் போதாது. சென்னையில் டாக்டர் ராமச்சந்திரன் குழுவினர் நடத்தி 2006இல் வெளியிட்ட இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வும் உறவினர் பக்கம்தான் பேசுகிறது. சர்க்கரையின் வாசற்படியில் நின்ற 531 பேரை மூன்றாண்டு கவனித்தார்கள். வழக்கமான அறிவுரையோடு விடப்பட்டவர்களில் 55 விழுக்காட்டினருக்கு நோய் வந்தது; உணவையும் நடையையும் மாற்றவைக்கப்பட்டவர்களில் 39 விழுக்காட்டினருக்குத்தான். மாத்திரை தந்த பலனும் கிட்டத்தட்ட அவ்வளவே. ஆனால் அங்கே தாளைக் கொடுத்துக் கைகழுவவில்லை. மாதந்தோறும் தொலைபேசியில் விசாரித்தார்கள். மதுரையிலும் திருச்சியிலும் முழு உடல் பரிசோதனைப் பேக்கேஜின் வாலில் கட்டிக் கொடுக்கப்படும் இருபது நிமிடத்துக்கு அந்த ஆய்வின் பெருமையை எடுத்துக் கொடுக்க முடியாது.

என் சண்டை அதுவுமல்ல. அது பழைய சண்டை. டயட்டீஷியன் சாப்பிடுகிறவரிடம் பேசுகிறார், சமைக்கிறவரிடம் பேசுவதேயில்லை.

“நேற்று காலையிலிருந்து என்ன சாப்பிட்டீர்கள்?” இந்தத் துறையில் எல்லாம் இந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது. என் பெரியப்பா, “பணியாரம் நாலு” என்றார். கேட்ட பெண்ணுக்குப் பணியாரம் என்றால் குழிக்கல்லில் சொட்டு எண்ணெய் விட்டுச் சுட்டது. பெரியப்பா வீட்டில் மாலை நாலு மணிக்கு வருவது வெள்ளைப் பணியாரம்; பச்சரிசியும் உளுந்தும் ஊறவைத்து அரைத்து, காய்கிற எண்ணெயில் ஒவ்வொரு கரண்டியாக ஊற்றி எடுப்பது. தாளில் ‘பணியாரம் 3’ என்று குறைத்து எழுதியாகிவிட்டது. பெரியப்பா பொய் சொல்லவில்லை. வட்டிக் கணக்கில் ஒரு காசு தவறாதவர்; அடுப்படிக் கணக்கு அவருக்குத் தெரியாது, அவ்வளவுதான். கவுனியும் அப்படியே. நார்ச்சத்துள்ள அரிசி என்பதில் சந்தேகமில்லை. ஆனால் பர்மாவிலிருந்து வந்த அந்த அரிசி எங்கள் பந்தியில் இடம்பிடித்தது சர்க்கரை, தேங்காய்த் துருவல், நெய்யோடு சேர்ந்து இனிப்பாகத்தான். தாள் அரிசியைப் பார்த்தது. இலையில் விழுந்தது வேறு.

இது தெரியாத துறையா? 1972இல் தொடங்கிய தேசிய ஊட்டச்சத்துக் கண்காணிப்பு அமைப்பின் ஆட்கள் தமிழ்நாட்டிலும் கிராமம் கிராமமாகத் தராசோடு வீட்டுக்குள் போனார்கள்; உலையில் விழுமுன் அரிசியையும் பருப்பையும் நிறுத்துக் குறித்தார்கள். ஏழை வீட்டு அடுப்படிவரை போகத் தெரிந்த அறிவு, கட்டணம் வாங்கும் அறைக்குள் உட்கார்ந்ததும் ‘ஒரு கிண்ணம்’ என்று எழுதித் தருகிறது. எந்தக் கிண்ணம்? சீர்ப் பாத்திரம் அடுக்கடுக்காக இருக்கிற செட்டிநாட்டு வீட்டில் கிண்ணத்துக்கா பஞ்சம்!

விவரம் தெரியாதவரிடம் கேட்டு, செய்ய முடியாதவர் கையில் கொடுப்பது இரண்டாவது கூத்து. இந்த ஊரின் பெரிய வீடுகளில் முகப்பிலிருந்து அடுப்படிக்கு நடக்கவே நேரம் பிடிக்கும். பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்க, பலவற்றில் மிஞ்சியிருப்பது இரண்டு முதியவர்களும் ஒரு சமையல்காரம்மாவும். ஆங்கிலத்தில் அச்சடித்த தாள் ரத்தப் பரிசோதனை முடிவுகளோடு ஃபைலுக்குள் போய்விடும். சமைப்பது மனைவியே என்றால் இன்னும் மோசம். தாள் அவர் பெயரில், பழி இவர் தலையில். அடுத்த மாதம் சர்க்கரை ஏறினால், “என்னத்தைப் போட்டுக் கொடுத்தே?” என்ற கேள்வி அடுப்படியைப் பார்த்துத்தான் வரும். காவலுக்கு நிறுத்தியவரிடம் ஒரு வார்த்தை சொல்லாமலே காவலுக்கு நிறுத்தியாயிற்று.

‘வீட்டாரையும் அழைத்து வரச் சொல்கிறோமே’ என்பார்கள். வருவது பெரும்பாலும் மகன், கார் ஓட்ட. சமையல்காரம்மாவுக்கு நாற்காலி போட்டு உட்காரவைத்த ஓர் அறையைக்கூட நான் பார்த்ததில்லை. அப்படி யாரேனும் இருந்தால் என்னை மன்னிக்கட்டும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் ரத்த அழுத்தக் கருவியும் மாத்திரையும் வாசலுக்கே வருகின்றன. உணவு ஆலோசனை மட்டும் ஏன் மதுரையில் குளிர்சாதன அறையிலேயே உட்கார்ந்திருக்கிறது?

சென்ற முறை போனபோது பெரியப்பாவின் சமையல்காரம்மாவிடம், மாதம் எண்ணெய் எவ்வளவு ஆகிறது என்று கேட்டேன். யோசிக்கக்கூட இல்லை. “அஞ்சு லிட்டர் டின் ஒண்ணு தம்பி. ஆளு பேரு வந்தா அது தனி.” சாப்பிடுவது அவரையும் சேர்த்து மூன்று பேர். தலைக்கு நாளொன்றுக்கு ஐம்பது கிராம் வருகிறது. பொரித்து மீந்ததைக் கழித்தாலும், வல்லுநர்கள் சொல்லும் இருபத்தைந்து முப்பதுக்குள் அடங்குமா என்பது சந்தேகம். மூன்று வருடமாக மாறிவந்த தாள்களில் எதிலும் இந்தக் கணக்கு இல்லை.

“கொறைக்கணுமா தம்பி?” என்றார் அந்த அம்மா. “அப்ப வெள்ளைப் பணியாரத்துல கை வைக்கணும். பாதி அதுக்குத்தான் போகுது. எங்கிட்ட யாரும் சொல்லலையே.”