கருத்தடையும் பெண்ணுரிமையும்: பெரியாரின் அறக்கோட்பாடு

மருத்துவத்தால் இயலுவது யாது என்பதை மருத்துவ நூல் கூறும். இயலுவதைச் செய்தல் தகுமா என்பதை அறநூலே கூறவேண்டும். இவ் வினாவைப் பெண்ணின் நிலையினின்று எழுப்பிய தமிழ்ச் சிந்தனையாளருள் சிறந்து நிற்பவர் பெரியார் ஈ.வெ.ரா. 'குடி அரசு' இதழில் அவர் எழுதிய கட்டுரைகளின் தொகுப்பாகிய 'பெண் ஏன் அடிமையானாள்?' என்னும் நூல் பத்துப் பகுதிகளை உடையது. அவற்றுள் 'கர்ப்பத்தடை' என்னும் பகுதி ஈண்டு ஆராய்தற்குரியது.

கருத்தடையை ஆதரித்தோர் அக்காலத்தும் பலர் இருந்தனர். தாயின் உடல்நலம், குழந்தையின் வலிமை, நாட்டின் வறுமை, குடும்பச் சொத்துச் சிதறாமை என்பன அவர்கள் காட்டிய காரணங்கள். பெரியார் இவற்றினின்றும் தம் கருத்தை வேறுபடுத்துகின்றார். பெண் விடுதலை ஒன்றே அவர் கொண்ட காரணம். செயல் ஒன்றே ஆயினும், அதன் அறத்தன்மை காரணத்தால் வேறுபடும் என்பது இதனால் பெறப்படும். 1952-இல் இந்திய அரசு குடும்பநலத் திட்டத்தைத் தொடங்கியபோது மக்கட்பெருக்கத்தைக் குறைத்தலையே முதன்மையாகக் கொண்டது. பெரியார் ஒதுக்கிய காரணங்களுள் ஒன்றே அரசின் கொள்கையாயிற்று என்பது கருதத்தக்கது.

இக் கோட்பாட்டிற்கு இன்று ஒரு கடுஞ்சோதனை நேர்ந்துள்ளது. 2011-ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி, ஆறு வயதிற்குட்பட்ட ஆண்குழந்தைகள் 1000 பேருக்குத் தமிழகத்தில் பெண்குழந்தைகள் 943 பேர். உடையார்பாளையம் அடங்கிய அரியலூர் மாவட்டத்திலோ அவ்வெண் 900-க்கும் கீழாயிற்று. அவ்வாண்டே தொட்டில் குழந்தைத் திட்டம் அம்மாவட்டத்திற்கும் விரிவாக்கப்பட்டது. கருவின் பாலை அறிதலைத் தடுக்கும் சட்டம் 1994-இலேயே இயற்றப்பட்டதன்றோ? "கருவைத் தாங்குவதும் தவிர்ப்பதும் பெண்ணின் உரிமை எனின், பெண்கருவைத் தவிர்ப்பதும் அவள் உரிமை ஆகாதோ?" என்று ஒருவர் வினவலாம்.

'கர்ப்பத்தடை'ப் பகுதியைத் தனியே பிரித்துப் படிப்பார்க்கு இவ்வினா விடையற்றதாகத் தோன்றும். நூலின் வைப்புமுறையை நோக்குவார்க்கு அவ்வாறு தோன்றாது. அப்பகுதிக்கு முன் நிற்பது 'சொத்துரிமை'. பின் நிற்பது ஆண்மை அழிய வேண்டும் என்னும் இறுதிப் பகுதி. 1929-ஆம் ஆண்டுச் செங்கற்பட்டு மாநாட்டிலும் பெண்ணுக்குச் சமச் சொத்துரிமை வற்புறுத்தப்பட்டது. பொருளுரிமையும் சம மதிப்பும் இல்லாதவிடத்துக் கருப்பையின் மேல் மட்டும் உரிமை நிலைபெறாது என்பதே இவ்வைப்பு உணர்த்தும் கருத்தாம். பெண்கரு விலக்கப்படுவது வரதட்சணை அச்சத்தாலும் ஆண்வழி மரபு பேணும் விருப்பத்தாலும் அன்றோ? குடும்பச் சொத்தைக் காக்கும் அக்காரணத்தைப் பெரியார் முன்னரே தம்முடையது அன்று என்று விலக்கிவிட்டார். ஆதலின் பெண்கரு விலக்கிற்கு அவர் நூலில் இடமில்லை என்க.

எனினும் ஒரு குறை உண்டு. சூழலின் நெருக்குதலால் ஒருத்தி தானே இசைந்து முடிவு செய்யின், அவ்விசைவை எங்ஙனம் மதிப்பிடுவது என்பதைப் பெரியார் விரித்துரைத்திலர். இவ்விடத்தைக் கனடா நாட்டு மெய்யியலறிஞர் சூசன் செர்வின் நிரப்புகின்றார். டல்ஹவுசிப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய இவ்வம்மையார் 1992-இல் 'நோ லாங்கர் பேஷண்ட்' என்னும் நூலை வெளியிட்டார். நோயாளி, பொறுத்திருப்பவர் என்னும் இருபொருளும் அத்தலைப்பில் அமைந்துள்ளன. தன்னுரிமை என்பது தனியொருவரிடம் மட்டும் அமைவதன்று. அவரைச் சூழ்ந்த உறவுகளாலும் அதிகார நிலைகளாலும் வளர்வது அல்லது தேய்வது என்பது அவர் கொள்கை. கையொப்பம் பெற்ற அளவில் மருத்துவரின் கடன் முடிவதில்லை என்பது இதன் பயன்.

மற்றுமொன்று: மகப்பேற்றை விடுதலைக்குத் தடையெனக் கண்ட பெரியார், மகவை விரும்பும் பெண்ணின் உரிமையைப் பற்றி மிகுதியும் பேசவில்லை. பெண்மகவைப் பெறவிரும்பியும் பெறவியலாத தாய்க்கு அவ்வுரிமையே இன்றியமையாதது. பெரியார் வகுத்த காரண ஆராய்ச்சியை அத்தாயின் பக்கமும் நீட்டுதல் வேண்டும். அதுவே அந்நூலைப் போற்றும் முறையாகும்.