மின்னோட்டம் சொல்வதும் சொல்லாததும்

நூற்பாலையின் பழைய ஃபிட்டர் ஸ்க்ரூடிரைவர் முனையை மோட்டாரின் பேரிங் மூடியில் ஊன்றி, கைப்பிடியைக் காதோரம் அழுத்திக் கேட்பார். கரகரவென்று ஒலி வந்தால் அடுத்த நிறுத்தத்தில் பேரிங் மாறும். இன்றைய கருவிக்கு மோட்டார் பக்கம் போகவேண்டிய தேவையே இல்லை. பேனலில் கேபிளைச் சுற்றிக் கிளாம்பை மாட்டி, மின்னோட்டத்தை அதிர்வெண் வாரியாகப் பிரித்துக் காட்டிவிடுகிறது. மோட்டார் ஓட ஓடவே சோதிக்கலாம் என்பது இதன் பெரிய பலம்.

இந்த முறை உண்மையிலேயே கெட்டிக்காரத்தனம் காட்டும் இடம் ரோட்டார். நேரடியாக ஸ்டார்ட் செய்யும்போது மோட்டார் இழுக்கும் மின்னோட்டம் வழக்கத்தைப் போல் ஆறேழு மடங்கு. அடிக்கடி நிறுத்தி ஓட்டும் மோட்டாரில் அந்தச் சூட்டில் ரோட்டார் கம்பி, வளையத்தோடு சேரும் இடத்தில் விரிசல் விடும். ஒரு கம்பி அறுந்தால் அதன் சுமை பக்கத்துக் கம்பிகளில் ஏறி, அவையும் வரிசையாகப் போகும். வெளியே சத்தமில்லை, சூடும் பெரிதாகத் தெரியாது. ஆனால் நிமிடத்துக்கு 1470 சுற்று ஓடும் நான்கு துருவ மோட்டாரில் 50 ஹெர்ட்ஸ் முகட்டின் இருபுறமும், சரியாக 48-லும் 52-லும், இரண்டு சின்ன முகடுகள் எழும். அவை நடு முகட்டைவிட 45 டெசிபல் மட்டுமே தாழ்ந்து நின்றால் கவலைப்பட வேண்டிய கட்டம் அது.

சுமை குறைந்தால் கதை மாறுகிறது. அதே மோட்டார் 1497 சுற்றில் ஓடும்போது முகடுகள் 49.8-க்கும் 50.2-க்கும் நகர்ந்து, நடு முகட்டின் அடிவாரத்தில் மறைந்துவிடும். பல பத்து விநாடிகள் பதிவு செய்தால்தான் பிரித்தறிய முடியும். பிஸ்டன் கம்ப்ரசர் போல ஏறி இறங்கும் சுமையும் அதே இடத்தில் முகடுகளை எழுப்பி, நல்ல ரோட்டாரைப் பழுதானதாகக் காட்டிவிடும்.

இதைவிட அடிப்படையான குறை ஒன்று உண்டு. 1980-களில் அமெரிக்க மின்னாற்றல் ஆய்வு நிறுவனத்துக்காகப் பெரிய மோட்டார்களில் எடுத்த கணக்கெடுப்பில் பழுதுகளில் 41 சதவீதம் பேரிங், 37 சதவீதம் ஸ்டேட்டார். ரோட்டார் வெறும் 10 சதவீதம். மின்னோட்டத்தின் கண் கூர்மையாக இருப்பது அந்தப் பத்துக்குத்தான். பேரிங்கின் சின்னக் குழி மின்னோட்டத்தில் விடும் தடம் மிக மெல்லியது. அதை அதிர்வு உணரி முன்கூட்டியே பிடிக்கும். பல சமயம் அந்தப் பழைய ஃபிட்டரும் பிடிப்பார். காயில் சுற்றுக்குள் ஷார்ட் ஆனால் மூன்று ஃபேஸ் மின்னோட்டமும் சமன் குலையும் என்பது சரிதான். ஆனால் வரும் வோல்டேஜில் ஒரு சதவீத ஏற்றத்தாழ்வு இருந்தாலே மின்னோட்டத்தில் 6 முதல் 10 சதவீதம் வேறுபடும். நம் கிராமத்து லைனில் எது காயிலின் குற்றம், எது லைனின் குற்றம் என்று பிரிப்பது எளிதல்ல.

இப்போது செயற்கை நுண்ணறிவு வந்து, பேரிங் பழுதை 99 சதவீதத் துல்லியத்தில் கண்டுபிடிப்பதாக ஆய்வுக் கட்டுரைகள் குவிகின்றன. அவற்றில் மிகப் பல அமெரிக்காவின் கேஸ் வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழகம் வெளியிட்ட ஒரே அதிர்வுத் தரவை நம்பி நிற்பவை. அந்தத் தரவில் உள்ள பழுதுகள் 2 குதிரைத்திறன் மோட்டாரின் பேரிங்கில் மின்பொறியால் வேண்டுமென்றே குடைந்த குழிகள். மிகச் சிறியது 0.18 மில்லிமீட்டர் விட்டம். ஒரே பதிவைத் துண்டு போட்டு, பாதியில் பயிற்சியும் மீதியில் தேர்வும் நடத்தினால் மதிப்பெண் ஏறத்தான் செய்யும். கிரீஸ் காய்ந்து, பஞ்சுத் தூசி ஏறி, மாதக்கணக்கில் தேய்ந்த பேரிங் அப்படிப்பட்டதல்ல.

ஆனாலும் இந்த முறையை ஒதுக்கக் கூடாது. பல நூறு அடி ஆழத்தில், தண்ணீருக்குள் ஓடும் போர்வெல் மோட்டாரில் யார் காதை வைப்பது? அங்கே மேலே எட்டுவது ஸ்டார்ட்டர் பேனலின் கேபிள் மட்டும்தான். கொங்கு நாட்டு விவசாயிக்கு மோட்டாரை மேலே தூக்குவதே பெரிய செலவு. தூக்குவதற்கு முன் ஒரு சொல் எச்சரிக்கை கிடைத்தாலும் அது லாபம்தான்.

ஆகவே ஆலை நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். ரீவைண்டிங் முடிந்து மோட்டார் வந்ததும், முழுச் சுமையில் அதன் மின்னோட்டத்தையும் அதிர்வையும் பதிவு செய்து வையுங்கள். கருவி விற்க வருபவரிடம், உங்கள் ஆலையில் ஓடித் தேய்ந்த ஒரு பேரிங்கை வைத்துக் காட்டச் சொல்லுங்கள்.