ஆன்கி: ஏற்றுமதி மேசைக்கு ஏற்ற ஆங்கிலச் செயலி

வணிக ஆங்கிலம் கற்றுத்தரும் செயலிகளில் பெரும்பாலானவை மீட்டிங், பிரசன்டேஷன், விமான நிலையம், ஓட்டல் அறை என்றே சுற்றிவருகின்றன. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராகப் புதிதாகச் சேர்ந்த பெண்ணுக்கு முதல் வாரத்திலேயே தேவைப்படுவது வேறு. லேப் டிப் (சாய மாதிரி) சரியில்லை என்று பையர் எழுதியதற்கு எப்படிப் பதில் போடுவது, ஷிப்மென்ட் தேதியை மரியாதை குறையாமல் எப்படித் தள்ளிக் கேட்பது, எல்.சி.யில் (லெட்டர் ஆஃப் கிரெடிட்) உள்ள ஒரு வரி நம்மை எதற்குக் கட்டுப்படுத்துகிறது, இவைதான் அவருக்கு வேண்டும். இதற்கு எது உதவும் என்று ஒவ்வொன்றாக இறக்கிப் பார்த்தேன். கடைசியில் நிலைத்தது, உள்ளே ஒரு பாடம்கூட இல்லாத ஆன்கி.

டேமியன் எல்ம்ஸ் என்ற மென்பொருள் உருவாக்குநர் இதை 2006-இல் வெளியிட்டார். கணினியில் இலவசம். ஆண்ட்ராய்டில் ‘ஆன்கிட்ராய்டு’ என்ற பெயரில் தன்னார்வலர்கள் தருவதும் இலவசம், விளம்பரமும் கிடையாது. ஐபோனுக்கு மட்டும் காசு: அமெரிக்க விலை 24.99 டாலர், ஒருமுறை கட்டினால் போதும். இதே சாயலில் பெயர் வைத்துக்கொண்டு இதனோடு சம்பந்தமே இல்லாத செயலிகளும் ஸ்டோரில் கிடைக்கின்றன. பெயரைச் சரிபார்த்து இறக்குங்கள்.

இது அட்டைகளால் இயங்கும் செயலி. அட்டையின் முன்பக்கம் கேள்வி, பின்பக்கம் விடை. மனதுக்குள் விடையைச் சொல்லிவிட்டுத் திருப்பிப் பார்க்க வேண்டும். பிறகு மறந்துவிட்டதா, சிரமப்பட்டோமா, சரியாகச் சொன்னோமா, சுலபமா என்று நான்கில் ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். அதை வைத்து அந்த அட்டையை அடுத்து என்றைக்குக் காட்டுவது என்று செயலி முடிவுசெய்கிறது. நன்றாகத் தெரிந்தது மாதக்கணக்கில் தள்ளிப்போகும். தடுமாறியது சீக்கிரமே திரும்பி வரும். இந்த யோசனை பழையது. படித்தது எவ்வளவு வேகத்தில் மறக்கிறது என்று ஜெர்மன் உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ் தன்னையே சோதித்துப் பார்த்து 1885-இல் எழுதினார். இடைவெளி விட்டு நினைவுபடுத்தும் முறையை 1987-இல் போலந்தின் பியோட்டர் வோஸ்னியாக் கணினிக் கணக்காக்கினார். ஆன்கி நெடுங்காலம் அந்தக் கணக்கின் ஒரு வடிவத்தில்தான் ஓடியது. 2023-இல் வந்த 23.10 பதிப்பில் எஃப்.எஸ்.ஆர்.எஸ். என்ற புதிய கணக்கும் சேர்ந்தது. நாம் அழுத்திய பொத்தான்களின் வரலாற்றைப் பார்த்து, நம் மறதிக்கு ஏற்றபடி அது நாள் குறிக்கிறது. செட்டிங்ஸில் போய் அதை நாமேதான் இயக்க வேண்டும். தயங்காமல் இயக்குங்கள்.

பிறர் செய்து பகிர்ந்த வணிக ஆங்கில அட்டைக் கட்டுகள் நிறைய இருக்கின்றன. தரம் ஒன்றுபோல இல்லை. சார்லஸ் பிரவுனும் பிரென்ட் கல்லிகனும் தொகுத்த ‘பிசினஸ் சர்வீஸ் லிஸ்ட்’ சுமார் 1,700 சொற்களைக் கொண்ட நல்ல பட்டியல். வணிகச் செய்திகளை வாசிக்க நல்ல அடித்தளம். ஆனால் ஒரு சொல், ஒரு பொருள் என்று படித்தவருக்கு மெயிலில் அதே சொல் வரும்போது கை ஓடுவதில்லை. அட்டைகளை நம் மேசையில் இருக்கும் காகிதங்களிலிருந்து நாமே எழுத வேண்டும். ஆன்கியின் முழுப் பலமும் அங்கேதான் வெளிப்படுகிறது.

எல்.சி.யை எடுத்துக்கொள்வோம். உலகெங்கும் வங்கிகள் எல்.சி.க்குப் பின்பற்றும் யு.சி.பி. 600 விதிகளைப் பாரிஸில் உள்ள சர்வதேச வணிகச் சபை வெளியிட்டது. அவை 2007 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ளன. அளவுக்கு முன்னால் ‘அபவுட்’ என்று இருந்தால் அகராதி சுமார் என்கும். விதியோ கூடவும் குறையவும் 10 சதவீதம் என்கிறது. ‘அபவுட் 10,000 பீஸ்’ என்றால் 9,000 முதல் 11,000 வரை அனுப்பலாம். தேதிக்கு முன்னால் ‘ஆன் ஆர் அபவுட்’ என்று வந்தால் அந்தத் தேதிக்கு ஐந்து நாள் முன்பிலிருந்து ஐந்து நாள் பின்பு வரை. மாதத்தின் ‘பிகினிங்’ என்றால் 1 முதல் 10, ‘மிடில்’ என்றால் 11 முதல் 20, ‘எண்ட்’ என்றால் 21 முதல் மாதக் கடைசி. எவ்வளவு ஆங்கிலம் தெரிந்தவரும் இதை ஊகித்துச் சொல்ல முடியாது, மனப்பாடம்தான் வழி. இப்படிப்பட்ட அறிவுக்கென்றே பிறந்தது போல இருக்கிறது இந்தச் செயலி. ஒரு விதிக்கு ஓர் அட்டை என்று வைத்தால் போதும்.

செலவும் ஆபத்தும் எதுவரை யார் பொறுப்பு என்று சொல்லும் இன்கோடெர்ம்ஸ் சொற்களுக்கும் இதே வழி. இப்போதுள்ள 2020 பதிப்பில் மொத்தம் 11 சொற்கள். ‘சி.ஐ.எஃப். என்றால் என்ன’ என்று அட்டை எழுதினால் மூன்று ஆங்கிலச் சொற்களின் விரிவு மட்டுமே நிற்கும். நான் எழுதியது இப்படி: “சி.ஐ.எஃப். ஹாம்பர்க் என்று விலை கொடுத்தோம். தூத்துக்குடியில் கப்பலில் ஏற்றியாகிவிட்டது. நடுக்கடலில் சரக்கு நனைந்தது. நஷ்டம் யார் பொறுப்பு?” பின்பக்கம்: பையர் பொறுப்பு. ஹாம்பர்க் வரை கப்பல் கூலியும் இன்சூரன்ஸும் நாம் கட்டுகிறோம். ஆனால் சரக்கு கப்பலில் ஏறியதுமே ஆபத்து அவர் பக்கம் போய்விடுகிறது. கேள்வி தமிழில் இருப்பதில் தவறே இல்லை. புரிந்ததைத் தாய்மொழியில் வைத்துக்கொண்டு, எழுத வேண்டியதை மட்டும் ஆங்கிலத்தில் பழகினால் இரண்டும் நிற்கும்.

மெயில் வாசகங்களுக்கு ‘க்ளோஸ்’ என்ற கோடிட்ட இட அட்டை கைகொடுக்கிறது. பையர் எழுதிய ஒரு வாக்கியத்தை அப்படியே ஒட்டி, அதில் ‘சப்ஜெக்ட் டு’ போன்ற தொடரை மட்டும் மறைத்துவிடலாம். பயிற்சிக்கு நல்ல ஆங்கிலம் நம் இன்பாக்ஸிலேயே இருக்கிறது. ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருங்கள்: பையர் பெயர், ஸ்டைல் நம்பர், விலை மூன்றையும் நீக்கிவிட்டே ஒட்டுங்கள். சிங்க் செய்தால் அட்டைகள் வெளியே உள்ள சர்வருக்குப் போகின்றன. அந்த மூன்றும் கம்பெனியின் வியாபார ரகசியம்.

குறைகளைச் சொல்லியாக வேண்டும். தோற்றம் வறண்டது, செட்டிங்ஸ் பக்கம் புதியவரை மிரட்டும். வாயால் பேசும் பயிற்சி இதில் இல்லை. போனில் உள்ள குரலைக் கொண்டு அட்டையை வாசிக்க வைக்கலாம், அது உச்சரிப்பைக் காட்டுமே தவிர நம்மைத் திருத்தாது. ஷிப்மென்ட் நெருக்கடியில் சில நாள் திறக்காமல் விட்டால் அட்டைகள் குவிந்து, திரும்பப் போகவே மனம் வராது. நாளுக்கு 20 புதிய அட்டை என்பது செயலியின் இயல்பான அளவு. வேலைக்குப் போகிறவர் அதை ஐந்தாகக் குறைத்துக்கொள்வது நல்லது. ஓர் அட்டையைத் திரும்பத் திரும்ப மறந்தால் ஆன்கி அதற்குத் தானாகவே தனி அடையாளம் இட்டுவிடும். அப்படி அடையாளம் பெற்றவற்றைத் திறந்து பாருங்கள். பெரும்பாலும் ஒரே அட்டையில் இரண்டு மூன்று விஷயங்களைத் திணித்திருப்போம். பிரித்து எழுதினால் நினைவில் நிற்கும்.

ஆங்கிலத்தில் பேசத் தயங்குகிறவர்களுக்கு இது மருந்து அல்ல. அவர்களுக்குப் பேச்சுத் துணைதான் வேண்டும். ஆனால் பர்ச்சேஸ் ஆர்டர், இன்வாய்ஸ், பி.எல். (பில் ஆஃப் லேடிங்), எல்.சி. என்று காகிதங்களோடு வேலை செய்யும் டாக்குமென்டேஷன், மெர்ச்சண்டைசிங் பிரிவினருக்கு இதைவிடப் பொருத்தமான செயலியை நான் பார்க்கவில்லை. கம்பெனி நடத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: உங்கள் அலுவலகத்தில் அனுபவசாலி ஒருவரை உட்கார வைத்து, உங்கள் தொழிலுக்கான இருநூறு அட்டைகளை எழுதச் சொல்லுங்கள். அந்தக் கட்டை ஒரே ஃபைலாக எடுத்துப் புதிதாகச் சேரும் ஒவ்வொருவர் போனிலும் ஏற்றிவிடலாம். ஐபோன் வைத்திருப்பவர்களைத் தவிர மற்றவர்களுக்குச் செயலிச் செலவு எதுவும் இல்லை.