எட்டு எண்பது ஆகாமல் காக்கும் நூல் எது?

மருத்துவர் நோயாளியைப் பார்த்து முடித்தபின், நோயின் வரலாறு, சோதனை முடிவுகள், கொடுத்த மருந்து ஆகியவற்றை ஒலிப்பதிவுக் கருவியில் பேசிவிடுகிறார். அந்தப் பேச்சைக் கேட்டு அறிக்கையாகத் தட்டச்சு செய்யும் பணியே மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன். மருத்துவச் சொற்பதிவு என்று இதனைத் தமிழில் கூறலாம். 1990-களில் அமெரிக்க மருத்துவமனைகளின் ஒலிப்பதிவுகள் இந்தியாவுக்கு வரத் தொடங்கியதும் நம் இளைஞர்கள் பலர் இத்தொழிலைக் கற்றனர். இன்று கணினியே பேச்சை எழுத்தாக்கிக் கொடுக்கிறது. அதனைச் சரிபார்த்துத் திருத்துவது மனிதரின் வேலையாகி வருகிறது. வேலையின் உருவம் மாறினாலும் கற்பவரின் கேள்வி மாறவில்லை. ஐயம் எழுந்தால் எந்த நூலைப் புரட்டுவது?

இக்கேள்வி எவ்வளவு முக்கியமானது என்பதற்கு ஒரு வழக்கே சான்று. 2008-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், மருத்துவமனையிலிருந்து வேறிடத்துக்கு அனுப்பப்பட்ட ஒரு பெண்மணியின் அறிக்கை இந்தியாவில் தட்டச்சு செய்யப்பட்டது. 8 அலகு என்றிருக்க வேண்டிய இன்சுலின் அளவு அதில் 80 அலகு என்று பதிவாயிற்று. அந்த அளவே அவருக்குச் செலுத்தப்பட்டது, அவர் உயிரிழந்தார். 2012-இல் நடுவர் குழு 14 கோடி டாலர் இழப்பீடு வழங்கத் தீர்ப்பளித்தது. இந்த வழக்கை மனத்தில் வைத்துக்கொண்டு, மாணவர்கள் வழக்கமாக வாங்கும் நூல்களை ஒவ்வொன்றாக எடைபோடுவோம்.

பெரிய அகராதிகள்

முதலில் எல்லாரும் சொல்லும் பெயர்கள் டார்லண்ட், ஸ்டெட்மன் என்பவை. டார்லண்ட் அகராதியின் முதற்பதிப்பு 1900-இலும், ஸ்டெட்மன் அகராதியின் முதற்பதிப்பு 1911-இலும் வெளிவந்தன. நூறாண்டுக்கு மேலாகத் திருத்தியும் கூட்டியும் வளர்க்கப்பட்ட இவற்றின் நம்பகத்தன்மையில் குறை சொல்ல இடமில்லை. ஆனால் புதிதாகக் கற்பவருக்கு இவை எளிதில் வழிவிடுவதில்லை. அதற்குக் காரணங்கள் இரண்டு.

ஒன்று, இவற்றின் அமைப்பு. பாபின்ஸ்கி அறிகுறி என்பதை நீங்கள் 'பி' எழுத்தில் தேடினால் விளக்கம் கிடைக்காது. வழிகாட்டும் ஒரு குறிப்புத்தான் இருக்கும். அறிகுறி என்ற பொருள் தரும் ஆங்கிலச் சொல்லின்கீழ் அது அடங்கியிருக்கும். நோய்த்தொகுதிகள், சோதனைகள் ஆகியவையும் இப்படியே. நூலின் முன்னுரையில் உள்ள பயன்படுத்தும் முறையைப் படிக்காதவர், சொல் இல்லை என்றே முடிவு கட்டிவிடுவார்.

மற்றொன்று, உங்கள் காதில் விழுவது ஒலி. அகராதி கேட்பதோ எழுத்து. நிமோனியா என்று கேட்டவர் 'என்' எழுத்தில் தேடுவார்; சொல்லோ 'பி' எழுத்தில் இருக்கிறது. சோரியாசிஸ் என்னும் தோல் நோயும், கண்ணிமை தொங்குதலைக் குறிக்கும் டோசிஸ் என்பதும் அதே 'பி' எழுத்தில் ஒளிந்திருக்கின்றன. ஒலிக்காத எழுத்துகளையும், கிரேக்க, இலத்தீன் வேர்களையும் கற்றபின்பே பெரிய அகராதி உங்களுக்குத் துணையாகும். அதற்கு முன் அது அலமாரிக்கு அழகு, அவ்வளவே.

1940-இல் தோன்றிய டேபர் அகராதி செவிலியர் முதலானோரை எண்ணித் தொகுக்கப்பட்டது. நோயாளியைப் பேணும் முறையையும் சேர்த்துச் சொல்வதால் கற்பவருக்கு இது புரியும்படி இருக்கிறது. தொடக்கத்தில் ஒன்றே வாங்க இயலும் என்றால், இதனையே நான் பரிந்துரைப்பேன்.

பொருள் கூறாத சொற்பட்டியல்கள்

தட்டச்சு செய்பவர்களுக்கென்றே துறைவாரியாகச் சொற்பட்டியல் நூல்கள் வந்திருக்கின்றன. இதயத்துக்கு ஒன்று, எலும்புக்கு ஒன்று என்று அவை நீளும். எழுத்துக்கூட்டு சரியாக இருக்கும், பொருள் இராது. அனுபவம் மிக்கவருக்கு இவை நேரத்தை மிச்சப்படுத்தும். மாணவருக்கோ இவை ஆபத்தானவை என்பதே என் கருத்து.

ஏன் என்று பாருங்கள். டிஸ்பேஜியா என்றால் விழுங்குவதில் தொல்லை. டிஸ்பேசியா என்றால் பேசுவதில் தொல்லை. இரண்டும் பட்டியலில் இருக்கும். இரண்டும் சரியான சொற்களே. எது இங்கே பொருந்தும் என்பதைப் பட்டியல் சொல்லாது. இலியம் என்ற ஒலியும் அப்படித்தான். மூன்றாம் எழுத்து 'ஈ' ஆனால் சிறுகுடலின் கடைசிப் பகுதி. 'ஐ' ஆனால் இடுப்பு எலும்பு. மருத்துவர் எலும்பு முறிவைப் பற்றிப் பேசுகிறாரா, செரிமானத்தைப் பற்றியா என்று உணர்ந்தவரே சரியாக எழுதுவார்.

இந்த உணர்வு உடற்கூற்று அறிவிலிருந்தே வரும். தமிழ் வழியில் படித்தவர்கள் இங்கே தயங்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டுப் பதினோராம் வகுப்பு விலங்கியல் பாடநூல் செரிமானம், சுவாசம், இரத்த ஓட்டம், நரம்பு மண்டலம் ஆகியவற்றை நம் மொழியில் விளக்குகிறது. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் 19-ஆம் நூற்றாண்டிலேயே டாக்டர் சாமுவேல் கிறீன் மேலை மருத்துவத்தைத் தமிழில் கற்பித்துக் காட்டினார். தமிழில் உடலை அறிந்துகொண்டு, ஆங்கிலப் பெயர்களைப் பின்னர் அதன்மேல் பொருத்துங்கள். மனப்பாடம் பாதியாகக் குறையும்.

மருந்து நூல்

மருந்து நூலை வாங்கும்போது ஆண்டைப் பார்க்க வேண்டும். நாட்டையும் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் லோசெக் என்ற பெயரில் வந்த மருந்து, லாசிக்ஸ் என்னும் சிறுநீர் பெருக்கியோடு குழம்பியதால் 1990-இல் பிரைலோசெக் என்று மாற்றப்பட்டது. பிரிலின்டா என்ற மருந்தோடு குழப்பம் நேர்ந்ததால் பிரின்டெலிக்ஸ் 2016-இல் டிரின்டெலிக்ஸ் ஆயிற்று. பழைய புத்தகக் கடையில் பாதி விலைக்குக் கிடைக்கும் நூல் இத்தகைய மாற்றங்களை அறியாது. அகராதி பழையதாயினும் பயன் தரும். மருந்து நூல் பழையதானால் கேடு தரும்.

நாட்டின் வேறுபாடும் சிறிதன்று. நாம் பாராசிட்டமால் என்பதை அமெரிக்கர் அசிட்டமினோஃபென் என்பர். நம் சால்பியூட்டமால் அவர்களுக்கு ஆல்பியூட்டரால். இந்திய மருந்துக் கையேட்டை மட்டும் வைத்துக்கொண்டு அமெரிக்க ஒலிப்பதிவைக் கேட்பவர் திகைக்க நேரிடும். அமெரிக்க தேசிய மருத்துவ நூலகத்தின் டெய்லிமெட் என்னும் இணையத் தொகுப்பு மருந்துக் குறிப்புகளை இலவசமாகவே தருகிறது. அதனை முதலில் பழகிக்கொள்ளுங்கள். பொதுத் தேடலில் ஒரு சொல் ஆயிரம் இடங்களில் வந்தது என்பது மட்டும் அது சரியென்பதற்குச் சான்றாகாது. பிழையும் ஆயிரம் இடங்களில் வரும்.

நடை நூல்

மாணவர்கள் கடைசியாக வாங்குவதும், சிலர் வாங்காமலே விடுவதும் நடை நூல். சொற்பதிவாளர்களுக்கென அமெரிக்காவில் 1978-இல் தோன்றிய சங்கம் வெளியிட்ட நூலே இவ்வகையில் பெயர் பெற்றது. உடற்கூறு கற்றுத்தருவது இதன் வேலையன்று. அறிக்கையை எப்படி எழுதுவது என்பதே இதன் பொருள்.

ஒரு சிறு புள்ளி என்ன செய்துவிடும் என்று நினைக்கலாம். 5 மில்லிகிராமை 5.0 என்று எழுதினால், புள்ளி மங்கியபோது 50 ஆகிவிடும். 0.5 என்பதைச் சுழியமின்றி .5 என்று எழுதினால் 5 ஆகிவிடும். அலகு என்பதற்கு 'யூ' என்ற ஒற்றை எழுத்தை இட்டால், அதுவும் சுழியமாகத் தோன்றக்கூடும். இவற்றைத் தவிர்க்கவேண்டிய குறியீடுகள் என அமெரிக்க மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று அளிக்கும் ஜாயின்ட் கமிஷன் 2004-இல் பட்டியலிட்டது. ஆகவே, நடை நூல் ஏதோ இலக்கண நுணுக்கம் என்று ஒதுக்காதீர்கள். உயிர் காக்கும் விதிகள் அதில் உள்ளன.

நூலுக்கு அப்பால்

இனி அலபாமா வழக்குக்கு வருவோம். எட்டு, எண்பது இரண்டும் எல்லா அகராதியிலும் உள்ள சொற்கள். எழுத்துப்பிழை திருத்தும் கணினிக்கு இரண்டும் சரியே. பேச்சை எழுத்தாக்கும் கணினியும் தவறான எண்ணைத் தடுமாற்றமில்லாத வாக்கியத்தில் வைத்துத் தந்துவிடும். அப்படியானால் எந்த நூலும் உதவாதா? உதவும். அந்த மருந்தின் வழக்கமான அளவு என்ன, அதே அறிக்கையின் பிற இடங்களில் என்ன அளவு சொல்லப்பட்டது என்று ஒப்பிடும் பழக்கத்தைத் தரும் நூல் உதவும். அப்போதும் தெளியாவிட்டால், அவ்விடத்தை வெற்றாக விட்டு, சரிபார்க்குமாறு மருத்துவருக்குக் குறிப்பு எழுதுவதே முறை. வெற்றிடம் விடுவது தோல்வி என்று கருதும் மாணவர், ஊகத்தை எழுதிவிடுகிறார். அங்கேதான் ஆபத்து தொடங்குகிறது.

எனவே வாங்கும் வரிசையை இவ்வாறு வைத்துக்கொள்ளலாம்: முதலில் தமிழில் ஓர் உடலியல் பாடநூல், அடுத்துச் சொல்வேர்களைக் கற்பிக்கும் ஒரு சிறு நூல், பிறகு டேபர் போன்ற ஓர் அகராதி, அதனோடு நடை நூல். மருந்துக்கு நாள்தோறும் புதுப்பிக்கப்படும் இணையத் தொகுப்பு. பெரிய அகராதிகளும் சொற்பட்டியல்களும் வேலை கிடைத்தபின் வரட்டும்.

கடைக்குப் போகுமுன் ஐந்து சொற்களை எழுதிக்கொண்டு போங்கள். நிமோனியா, டிஸ்பேஜியா, இலியம், பாபின்ஸ்கி அறிகுறி, ஏதேனும் ஒரு புது மருந்து. எந்த நூல் இவற்றை உங்களுக்கு விரைவில் காட்டி, ஒத்த ஒலியுடைய சொல்லையும் எச்சரிக்கிறதோ, அதற்கே பணம் கொடுங்கள். அட்டையின் கனத்தைப் பார்த்து வாங்காதீர்கள்.